ஜவுளிக்கடை விளக்குச் செலவைக் குறைப்பது எப்படி: கணக்கெடுப்பிலிருந்து கரண்ட் பில் வரை முழுமையான வழிகாட்டி

காலை ஒன்பது மணிக்கு மதுரை மாசி வீதிகளில் ஒரு நடை நடந்து பாருங்கள். பாதி தூக்கிய ஷட்டருக்குள் இரண்டு பேர் தரை துடைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த இரண்டு பேருக்காக மாடி முழுக்க விளக்கு எரியும். முதல் வாடிக்கையாளர் படியேற இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும். உள்ளே போய்க் கேட்டால், "நாங்க எப்பவோ எல்இடி மாத்திட்டோம் தம்பி" என்பார் கடைக்காரர். மாற்றியிருப்பார், அதில் பொய்யில்லை. ஆனால் அந்த மாடி மொத்தத்துக்கும் ஒரே சுவிட்ச்.

கரண்ட் பில்லில் வரும் யூனிட் என்பது இரண்டு எண்களின் பெருக்கல்: எத்தனை வாட், எத்தனை மணி நேரம். 1,000 வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். எல்லோரும் வாட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள், மணி நேரத்தை விட்டுவிடுகிறார்கள். வணிகக் கட்டடங்களில் மின்வேலை பார்த்துவரும் எனக்கு இது பல வருடமாக மனதை உறுத்தும் விஷயம். இந்த வழிகாட்டியில் இரண்டையும் பார்ப்போம். எடுத்துக்காட்டு நான்கு மாடி ஜவுளிக்கடை. ஆனாலும் அலுவலகம், லாட்ஜ், மருத்துவமனை, கல்யாண மண்டபம் எதற்கும் இதே வரிசைதான்.

முதல் படி: எண்ணுங்கள்

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு கட்டடத்தை மூன்று தடவை சுற்றி வாருங்கள். கடை திறப்பதற்கு முன் ஒரு தடவை, மதியம் இரண்டு மணிக்கு ஒரு தடவை, ஷட்டர் இறங்கிய பிறகு ஒரு தடவை. மாடி வாரியாக எழுதுங்கள்: என்ன விளக்கு, எத்தனை, ஒன்றுக்கு எத்தனை வாட், எப்போது எரிகிறது, அந்த நேரத்தில் அங்கே ஆள் இருந்தாரா. கடைசிக் கேள்விக்கான பதிலை மட்டும் சிவப்பு மையில் எழுதுவது என் வழக்கம்.

வாட் எழுதும்போது ஒரு எச்சரிக்கை. பழைய டியூப்லைட்டில் 36 வாட் என்று அச்சடித்திருக்கும். அது டியூப் மட்டும் இழுப்பது. இரும்பு சோக் தன் பங்குக்குப் பத்துப் பன்னிரண்டு வாட்டைச் சூடாக்கியே தீர்த்துவிடும். அதனால் 48 என்று எழுதுங்கள். முகப்பில் இருக்கும் 250 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கை சோக்கோடு சேர்த்து 275 என்று எழுதுங்கள்.

நம் எடுத்துக்காட்டுக் கடையில் 100 டியூப்லைட், 60 ஹாலஜன் ஸ்பாட் லைட் (ஒவ்வொன்றும் 50 வாட்), முகப்பில் 8 மெட்டல் ஹாலைடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். உள்விளக்குகள் காலை 9 முதல் இரவு 9 வரை 12 மணி நேரம், முகப்பு விளக்கு மாலையில் 5 மணி நேரம். கணக்குப் போட்டால்:

டியூப்லைட் 4,800 வாட், நாளுக்கு 57.6 யூனிட்.
ஹாலஜன் 3,000 வாட், நாளுக்கு 36 யூனிட்.
முகப்பு 2,200 வாட், நாளுக்கு 11 யூனிட்.

ஆக நாளுக்கு 104.6 யூனிட். முப்பது நாளுக்கு 3,138. கணக்குக்கு வசதியாக யூனிட் 10 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் மாதம் 31,380 ரூபாய் விளக்குக்கு மட்டும். உங்கள் பில்லில் உள்ள விலையை வைத்து இதே பெருக்கலைப் போட்டுக்கொள்ளுங்கள். நிலைக்கட்டணத்தை இதில் சேர்க்க வேண்டாம், அதற்குப் பின்னால் வருகிறேன்.

இரண்டாம் படி: வெளிச்சத்தை அளங்கள்

விளக்கை மாற்றுவதற்கு முன் இப்போது எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் காட்டும் லக்ஸ் மீட்டர் பெரிய விலையில்லை, தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் இரவல் கேட்டாலும் கிடைக்கும். செல்போன் ஆப் துல்லியமாகக் காட்டாது. ஆனாலும் ஒரே போனை வைத்து மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

தரையில் வைத்து அளக்காதீர்கள். புடவை விரிக்கும் மேசை, கல்லா, எழுதும் மேசை என்று கண் எங்கே வேலை செய்கிறதோ அந்த உயரத்தில் அளங்கள். உட்புற வெளிச்சத்துக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 3646 கடைத் தளத்துக்கும் பொது அலுவலகத்துக்கும் 300 முதல் 750 லக்ஸ் வரை சொல்கிறது. நடைபாதைக்கு 50 முதல் 150, மாடிப்படிக்கு 100 முதல் 200. நான் பார்த்த வரையில் நடைபாதையில் தேவைக்கு மேல் கொட்டுகிறது, கல்லா மேசையில் போதவில்லை. நடைபாதையில் ஒன்றுவிட்டு ஒன்றாக விளக்கைக் கழற்றினாலே தீரும் இடங்கள் உண்டு. கழற்றுவதற்குச் செலவே இல்லை.

மூன்றாம் படி: எதை முதலில் மாற்றுவது

கையில் பணம் அளவாக இருந்தால் வரிசை முக்கியம். முதலில் ஹாலஜன். 50 வாட் ஹாலஜனுக்குப் பதில் 7 வாட் எல்இடி போதும். துணிக்குப் பக்கத்தில் அவ்வளவு சூடான விளக்கு இருப்பது ஆபத்தும்கூட. அடுத்தது நீண்ட நேரம் எரியும் டியூப்லைட், 48 வாட்டிலிருந்து 20-க்கு இறங்கும். முகப்பு கடைசியில், 275-லிருந்து 100-க்கு.

இந்த மூன்றையும் செய்தால் நம் கடையில் டியூப் 24 யூனிட், ஸ்பாட் 5, முகப்பு 4, ஆக நாளுக்கு 33 யூனிட். மாதம் ஏறக்குறைய 990 யூனிட், 9,900 ரூபாய். மாதம் 21,400 ரூபாய்க்கு மேல் மிச்சம். பொருளும் கூலியும் சேர்த்து 80,000 ரூபாய் ஆகிறது என்று வைத்தாலும் நாலு மாதத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடும்.

இதோடு ஏசி கணக்கும் இருக்கிறது. விளக்கு இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது, அந்தச் சூட்டை ஏசி வெளியே தள்ளியாக வேண்டும். ஒரு டன் ஏசி என்றால் சுமார் 3,500 வாட் சூட்டை வெளியேற்றும் திறன். முகப்பு விளக்கை விட்டுவிடுங்கள், அது வெளியே இருக்கிறது. உள்ளே மட்டும் 5,380 வாட் குறைந்திருக்கிறது. ஒன்றரை டன் ஏசிக்கான வேலை அப்படியே இல்லாமல் போகிறது. ஒரு வாட் சூட்டைத் தள்ள ஏசிக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் தேவை என்று எடுத்துக்கொண்டால், நாளுக்குப் பத்து மணி நேர ஓட்டத்தில் மாதம் 540 யூனிட், இன்னொரு 5,400 ரூபாய். சித்திரை வெயிலில் மாடியில் ஏசி போதவில்லை என்று இன்னொன்று வாங்க நினைப்பவர்கள், வாங்கும் முன் தலைக்கு மேல் எரியும் ஹாலஜனை எண்ணிப் பாருங்கள்.

நான்காம் படி: விளக்கைத் தேர்ந்தெடுப்பது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் தவறு நடப்பதே இங்கேதான்.

பட்டு எடுக்க வரும் பெண்களைக் கவனித்திருப்பீர்கள். புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் வரை போய், பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்பார்கள். கடை விளக்கு காட்டும் நிறத்தின் மேல் அவர்களுக்கு நம்பிக்கை இல்லை. அந்தச் சந்தேகம் நியாயமானது. ஒரு கடையில் மலிவான எல்இடி டியூப்களை மொத்தமாக வாங்கிப் போட்டார்கள். பில் குறைந்தது. அப்புறம் அரக்கு நிறப் புடவை வீட்டுக்குப் போனதும் வேறு நிறமாகத் தெரிகிறது என்று திரும்பி வர ஆரம்பித்தது. அரக்கும் குங்குமச் சிவப்பும் அந்த வெளிச்சத்தில் செத்துப்போய்க் கிடந்தன. மூன்று மாதம் கழித்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி வாங்கினார்கள்.

காரணம் எல்இடியின் அமைப்பிலேயே இருக்கிறது. வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடி. அதைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீலத்தின் மேல் மஞ்சளாக ஒரு பாஸ்பர் பூச்சு (நீல ஒளியை வாங்கி வேறு நிறமாக உமிழும் பொடி) பூசி வெள்ளையாக்குகிறார்கள். பூச்சில் சிக்கனம் பிடித்தால் முதலில் குறைவது அடர்சிவப்பு. ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் எண் சிஆர்ஐ, அதிகபட்சம் 100. படிக்கட்டுக்கும் கிடங்குக்கும் 80 போதும். புடவை விரிக்கும் இடத்துக்கு 90 கேளுங்கள். அதோடு ஆர்9 எவ்வளவு என்றும் கேளுங்கள். அடர்சிவப்புக்கான தனி எண் அது. சிஆர்ஐ என்பது எட்டு மென்மையான நிறங்களின் சராசரி, அதில் அடர்சிவப்பு சேர்வதில்லை. அதனால் 80 என்று எழுதிய விளக்கிலும் அரக்கு சோர்ந்து தெரியலாம். எண்ணைச் சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் பத்து விளக்கு மட்டும் வாங்கி, ஒரு மேசைக்கு மேல் மாட்டி, அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து என மூன்று புடவைகளை விரித்து, வாசல் வெளிச்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்கு எந்த அட்டவணையையும் விட இந்தச் சோதனை மேல் நம்பிக்கை அதிகம்.

அடுத்தது நிறச்சூடு, கெல்வின் கணக்கு. 3,000 என்றால் வார்ம் ஒயிட், 6,500 என்றால் பகல் வெள்ளை. ஜவுளிக்கு நடுவாக 4,000 நன்றாக இருக்கும். தெற்கு ஆவணி மூல வீதி மாதிரி நகைக்கடைத் தெருவில் இருப்பவர்களுக்கு வேறு தேவை. தங்கத்துக்கு 3,000, வெள்ளிக்கும் வைரத்துக்கும் 5,000-க்கு மேல். ஒரே ஹாலில் இரண்டையும் கலக்காமல் கவுன்டர் வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வாட்டை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பெட்டியில் லுமென், அதாவது விளக்கு தரும் மொத்த வெளிச்சம், எழுதியிருக்கும், அதை வாட்டால் வகுங்கள். வாட்டுக்கு 100 லுமெனுக்குக் குறைந்தால் டியூப் வகையில் வேறு பாருங்கள். மின்சிக்கனப் பணியகத்தின் நட்சத்திர முத்திரை உள்ளதாக எடுத்தால் இந்த வேலை சுலபம். பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு பங்கு உபயோகமாகிறது என்ற எண், 0.9-க்கு மேல் இருக்கட்டும்.

எல்இடியில் முதலில் போவது பெரும்பாலும் விளக்கு அல்ல, அதற்கு ஏற்ற மின்சாரத்தைத் தரும் டிரைவர் என்ற சிறு மின்சுற்றுதான். ஃபால்ஸ் சீலிங்குக்குள் காற்றோட்டமில்லாத சூட்டில், ஏறி இறங்கும் வோல்டேஜில் அது சாகிறது. திடீரென எகிறும் வோல்டேஜைத் தாங்கும் சர்ஜ் பாதுகாப்பு எத்தனை கிலோவோல்ட் என்று கேளுங்கள், டிரைவரைத் தனியாக மாற்ற முடிகிற மாடலாக எடுங்கள். 25,000 மணி நேரம் என்று எழுதியிருந்தால் 12 மணி நேரக் கடைக்கு ஐந்தரை வருடத்துக்குச் சற்று மேல். வாரண்டி இரண்டு வருடமாவது இருக்க வேண்டும், பில்லோடு. 2015-இல் எல்இடி பல்பைக் குறைந்த விலையில் தரும் உஜாலா திட்டம் வந்தபோது அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்ததில், 310 ரூபாயாக இருந்த வீட்டு எல்இடி பல்பின் கொள்முதல் விலை 38 ரூபாய் வரை இறங்கியது. விலை அப்படி இறங்கிவிட்ட காலத்தில் இன்னும் மலிவாகத் தேடி நிறத்தை இழப்பது தேவையில்லாத வேலை.

ஐந்தாம் படி: வயரிங்

பழைய ஃபிட்டிங்கில் எல்இடி டியூபை மாட்டும்போது சோக்கையும் ஸ்டார்ட்டரையும் எடுத்துவிட்டு நேரடியாக இணைக்கச் சொல்லுங்கள். சோக் உள்ளேயே கிடந்தால் சில வாட்டைத் தின்றுகொண்டே இருக்கும். டியூபுக்கு மின்சாரம் ஒரு முனையில் கொடுப்பதா, இரு முனையிலுமா என்று பெட்டியில் படம் இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். மாற்றிய ஃபிட்டிங்கில் "சோக் இல்லை, எல்இடி மட்டும்" என்று ஒட்டிவிடுங்கள். பின்னால் யாராவது பழைய டியூபைச் செருகிவிடக் கூடாது.

மெயின் போர்டில் கெபாசிட்டர் வைத்திருக்கிறீர்களா? நூறு சோக் இழுத்த காலத்தில் பவர் ஃபேக்டரைச் சரிக்கட்ட வைத்தது அது. சோக்கெல்லாம் போன பிறகு அதே கெபாசிட்டர் மறுபக்கமாகச் சாய்த்துவிடும். மீட்டரில் பார்த்துத் தேவையில்லாததைக் கழற்றச் சொல்லுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆறாம் படி: சுவிட்சைப் பிரியுங்கள்

ஏற்கெனவே எல்இடி மாற்றியவர்கள் நேராக இங்கே வந்தாலும் சரி. இந்த வேலையைத்தான் யாரும் செய்வதில்லை.

ஒவ்வொரு மாடிக்கும் நான்கு சுற்று, அதாவது தனித்தனி சுவிட்சும் வயரும், வேண்டும். ஒன்று, சுத்தம் செய்ய, துணி மடிக்க: மாடி விளக்கில் கால் பங்கு, பரவலாக. இரண்டு, வியாபாரம்: மீதி எல்லாம். மூன்று, ஃபோகஸ்: பொம்மை, ஷோகேஸ், ஸ்பாட் லைட். நான்கு, இரவு: காவலுக்கும் கேமராவுக்கும் ஒன்றிரண்டு விளக்கு. போர்டில் "சுத்தம்", "வியாபாரம்", "ஃபோகஸ்", "இரவு" என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். பெயரில்லாத சுவிட்சை யாரும் அணைக்க மாட்டார்கள், எது அணையும் என்று பயம். அதனால் எல்லாவற்றையும் போட்டு வைத்துவிடுவார்கள்.

ஒரு மாடி விளக்கு மொத்தத்தையும் ஒரே எம்சிபியில் (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) கோத்திருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. எல்இடி டிரைவர்கள் சுவிட்ச் போடும் கணத்தில் மட்டும் மிக அதிகமாக இழுக்கும். ஐம்பது அறுபது டிரைவர் ஒன்றாக இழுத்தால் எம்சிபி ட்ரிப் ஆகும். சுற்றுகளைப் பிரித்து, இந்தக் கண நேர இழுப்பைத் தாங்கும் சி வகை எம்சிபி போட்டால் சரியாகிவிடும்.

பழைய கட்டடத்தில் ஃபால்ஸ் சீலிங்கைப் பிரிக்காமல் வயர் இழுப்பது சிரமம்தான். எல்லா மாடியையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டியதில்லை. மேல் மாடியிலிருந்து ஆரம்பியுங்கள். கூட்டம் குறைவாக ஏறுவதும், விளக்கு வீணாக எரிவதும் அங்கேதான். ஆடித் தள்ளுபடிக்கு முன்பாக முடித்துவிடுவது நல்லது. அதன் பிறகு தீபாவளி வரை எந்த முதலாளியும் ஏணி வைக்க விட மாட்டார்.

அப்புறம் ஆளுக்குப் பொறுப்பு. மாடி சூப்பர்வைசர் ஒருவர் பெயரை எழுதி, எந்த சுவிட்ச் எத்தனை மணிக்கு என்று போர்டுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். "யாராவது அணைப்பார்கள்" என்று விட்டால் எரிந்துகொண்டேதான் இருக்கும்.

ஏழாம் படி: சென்சாரும் டைமரும்

சென்சார் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஆள் வந்து போகும் இடங்களுக்குத்தான் லாபம்: கிடங்கு, கழிப்பறை, பின்படிக்கட்டு, வண்டி நிறுத்தும் அடித்தளம். உடல் சூட்டை உணரும் பிஐஆர் சென்சார் நேராகப் பார்த்தால்தான் ஆளை உணரும். அலமாரி அடுக்கிய கிடங்கில் வாசலில் மட்டும் ஒன்று வைத்தால் உள்ளே நிற்பவர் இருட்டில் மாட்டிக்கொள்வார், வரிசைக்கு ஒன்று வேண்டும். தடுப்பு வைத்த கழிப்பறைக்கு மைக்ரோவேவ் சென்சார் நல்லது. ஆனால் அது மெல்லிய ஜிப்சம் சுவரையும் கண்ணாடியையும் தாண்டி உணரும், வெளியே நடப்பவருக்கெல்லாம் உள்ளே விளக்கு எரியும். அதன் தூரத்தைக் குறைத்து வையுங்கள். ட்ரையல் ரூமில் சென்சார் வேண்டாம் என்பது என் கட்சி. உடை மாற்றும்போது விளக்கு அணைந்தால் அந்த வாடிக்கையாளர் மறுபடி வர மாட்டார்.

கடை திறந்திருக்கும் நேரத்தில் பொதுமக்கள் ஏறி இறங்கும் மாடிப்படியையும் வெளியேறும் வழியையும் முழுவதுமாக சென்சாரிடம் ஒப்படைக்கக் கூடாது. மூன்றில் ஒரு விளக்காவது எப்போதும் எரியட்டும்.

முகப்புக்கும் பெயர்ப்பலகைக்கும் சூரியன் மறையும் நேரத்தை நாளுக்கு நாள் தானே கணக்கிடும் டைமர் கிடைக்கிறது. சென்னையில் ஜூலைத் தொடக்கத்தில் சூரியன் மறைய 6.40-ஐ ஒட்டி ஆகும், நவம்பரில் 5.40-க்கே மறைந்துவிடும். நவம்பருக்கு ஏற்ப ஒரே நேரம் செட் செய்த சாதா டைமர், கோடை முழுக்கப் பகல் வெளிச்சத்திலேயே போர்டை எரித்துக்கொண்டிருக்கும்.

நம் கடைக்கு இந்த இரண்டு படியும் என்ன தரும்? 24 டியூப் கிடங்கிலும் கழிப்பறையிலும் பின்படியிலும் இருப்பதாகவும், 12 மணி நேரத்துக்குப் பதில் 3 மணி நேரம் எரிவதாகவும் வைத்தால் மாதம் 130 யூனிட். ஆள் வராத இரண்டு மணி நேரத்தில் விற்பனைத் தளம் கால் பங்கு வெளிச்சத்தில் நடந்தால் 87 யூனிட். முகப்பு ஒரு மணி நேரம் குறைந்தால் 24 யூனிட். எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய்க்குச் சற்று மேல். எல்இடி போட்ட பிறகும் மிஞ்சியிருந்த 9,900 ரூபாயில் இது கால் பங்கு. மேல் மாடியில் வார நாள் மதியங்களில் "வியாபாரம்" சுவிட்சைத் தாமதமாகப் போட்டால் இன்னும் குறையும், அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

எட்டாம் படி: துடைப்பதும் வெள்ளையடிப்பதும்

பஜாரில் தூசி அதிகம். விளக்கின் மேல் படியும் தூசி வெளிச்சத்தை மெல்ல மெல்லக் குறைக்கும், கண் பழகிவிடுவதால் தெரியாது. "வெளிச்சம் பத்தல, இன்னும் நாலு லைட் போடுங்க" என்ற பேச்சு வந்தால் முதலில் துணியை எடுத்துத் துடையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். கூரையும் மேல்சுவரும் வெள்ளையாக இருக்கட்டும். ஜன்னலை மறைத்து அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தால் இடம் மாற்றுங்கள்.

ஒன்பதாம் படி: பில்லில் சரிபாருங்கள்

தமிழ்நாட்டில் பெரும்பாலான கடைகளுக்குப் பில் இரண்டு மாதத்துக்கு ஒன்று. போன வருடத்தின் அதே இரண்டு மாதத்தோடு ஒப்பிடுங்கள். ஐப்பசியைப் பங்குனியோடு ஒப்பிட்டால் ஏசியும் பண்டிகையும் கணக்கைக் குழப்பிவிடும். முடிந்தால் விளக்குச் சுற்றுக்கு மட்டும் ஒரு சப் மீட்டர் போடுங்கள். வாரம் ஒரு முறை எண்ணை எழுதி வைத்தால், எந்த வாரம் எவர் அணைக்க மறந்தார் என்பது வரை தெரிந்துவிடும்.

நிலைக்கட்டணம் கிலோவாட் கணக்கில் வருகிறது. விளக்கிலும் ஏசியிலும் ஏழெட்டு கிலோவாட் நிரந்தரமாகக் குறைந்திருந்தால், அனுமதிக்கப்பட்ட மின்பளுவைக் குறைத்துத் தரும்படி மின்வாரியத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் அவசரப்படாதீர்கள். ஒரு தீபாவளி சீசனும் ஒரு கோடையும் கடக்கட்டும், அந்த உச்சத்தில் மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துவிட்டு, அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டுக் கேளுங்கள்.

கழற்றிய டியூப்கள்

கழற்றிய நூறு டியூபிலும் பாதரசம் இருக்கிறது. குப்பைத் தொட்டியிலோ, கடைக்குப் பின்னால் உள்ள சந்திலோ உடைத்துப் போடாதீர்கள். அங்கே அள்ள வருவது வெறும் கையோடு வரும் தூய்மைப் பணியாளர். 2022-இன் மின்னணுக் கழிவு விதிகளில் பாதரச விளக்குகளும் அடங்கும். புது டியூப் வந்த அட்டைப்பெட்டியிலேயே பழையதை உடையாமல் வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வேலை எடுக்கும் எலெக்ட்ரீஷியனிடம் கூலி பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். சோக்குகளையும் அதே ஆளிடம் கொடுக்கலாம், உள்ளே செம்புச் சுற்று இருந்தால் அதற்குப் பணமும் தருவார்.